நேசப்பொன்னு உட்கார்ந்த பந்தி

செங்காட்டுவிளைக் கிறிஸ்தவக் கோயிலில் அசனம் என்றால், கறிக்குழம்பு மணக்கும் முன்னே நேசப்பொன்னுவின் சத்தம் வந்துவிடும்.

அசனம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வருஷத்துக்கு ஒருநாள், கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையன்று, ஊரே அரிசி கொடுத்து, ஊரே ஆக்கி, வந்தவர் போனவர் எல்லாருக்கும் இலை போடுவது. சாதி கேட்க மாட்டார்கள், மதம் கேட்க மாட்டார்கள். முதல் பந்தி வெளியாட்களுக்கு. பஸ் ஸ்டாண்டில் கிடப்பவர்கள், வழிப்போக்கர்கள், போக்கிடம் இல்லாதவர்கள். அவர்கள் தின்று எழுந்த பிறகுதான் சபையார் உட்காரலாம்.

அந்தப் பந்தியில் பரிமாறுகிறவள் நேசப்பொன்னு. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷம் வாளியைத் தூக்கியவள், தலை நரைத்த பிறகும் கீழே வைக்கவில்லை. பாத்திர அறைச் சாவி அவள் இடுப்பில்தான் தொங்கும்.

கை சுத்தம். வேலை சுத்தம். முகம் மட்டும் கடுகடுப்பு.

அந்த வருஷம், பண்டிகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பெரிய ஊரிலிருந்து வந்த போதகர் ஐயர் பிரசங்கத்தில் ஒரு பேச்சுப் பேசிவிட்டுப் போனார். ஊழியம் செய்கிறவர்கள் முகத்தில் சந்தோஷம் தெரிய வேண்டும், அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் ஆண்டவரிடம் வருவார்கள் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கமிட்டிச் செயலாளர் தர்மக்கண் அண்ணாச்சி அதை அப்படியே பிடித்துக்கொண்டார். பரிமாறுகிற பெண்களுக்கெல்லாம் ஒரே மாதிரி மஞ்சள் சேலை எடுத்தார். நெஞ்சில் குத்த ஒரு பட்டை அடித்தார். 'சந்தோஷமாய்ப் பரிமாறுவோம்' என்று அதில் எழுதியிருந்தது. வெளிநாட்டில் இருக்கிற சபைப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று, பந்தியைப் படம் பிடித்துப் போனில் அனுப்பவும் ஆள் வைத்தார்.

பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம், பந்தலில் வைத்துச் சேலை கொடுத்தார்கள். நேசப்பொன்னுவும் கையை நீட்டினாள்.

"மைனி, உங்களுக்கு இந்த வருஷம் பந்தி வேண்டாம்" என்றார் தர்மக்கண். ஊருக்கெல்லாம் அவள் மைனி, அண்ணி முறை. "பின்னால அடுப்படியைப் பார்த்துக்கிடுங்க."

"ஏன்? எனக்கென்ன கை விழுந்துட்டா?"

"கைக்கு ஒண்ணும் இல்ல. படம் பிடிக்காங்கல்ல. கொஞ்சம் சிரிச்ச முகமா இருக்கிறவங்க முன்னால நிக்கட்டும்னு கமிட்டியில பேசினோம்."

காய் நறுக்கிக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "அடுப்படிக்கும் மைனி வேணும்லா. ரசத்துக்குப் புளி கரைக்க வேண்டாம். மைனியை அண்டாவுக்குள்ள ஒரு தரம் எட்டிப் பார்க்கச் சொன்னா போதும்."

பந்தலே சிரித்தது. கத்தரிக்காய் நறுக்கியவள், வெங்காயம் உரித்தவள், தண்ணீர் சுமந்தவன், எல்லாரும்.

நேசப்பொன்னு நீட்டிய கையை இழுத்துக்கொண்டு பந்தலை விட்டு வெளியே நடந்தாள். அவள் ஏசாமல் போனதை அந்த ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.

நேரே உபதேசியார் வீட்டுக்குப் போனாள்.

ஐயர் இல்லாத நாளில் ஆராதனை நடத்துகிற மோசே உபதேசியாருக்கு அவளைவிட வயது குறைவு. ஆனாலும் அவருக்கு முன்னால் அவள் மாணவி. கைநாட்டாக இருந்தவளுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்து, வேதத்தை அவள் கையாலேயே விரித்துப் படிக்க வைத்தவர் அவர். அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரை உபதேசியாரே என்பாள். அதட்டினாலும் அந்த மரியாதையோடுதான் அதட்டுவாள்.

அவர் வாசலில் வாழையிலைக் கட்டைப் பிரித்து, ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் பந்திக்கு.

அவள் சாவியை அவிழ்த்து இலைக்கட்டின் மேல் எறிந்தாள்.

"இந்தா இருக்கு உங்க கோயில் சாவி. நாளையிலிருந்து நான் அந்த வாசலை மிதிக்க மாட்டேன். அசனத்துக்கும் இல்ல, ஆராதனைக்கும் இல்ல."

"உட்காருங்கக்கா."

"உட்கார வரல. ஒண்ணு கேட்டுட்டுப் போக வந்தேன். சந்தோஷம் சந்தோஷம்னு பேசுதீங்களே, அது எங்க இருக்கு? எந்தக் கடையில விக்காங்க? சொல்லுங்க, நானும் கால் கிலோ வாங்கி மூஞ்சியில பூசிட்டு வாரேன்."

உபதேசியார் இலையைத் துடைத்தார்.

"வீட்டுல கட்டின மனுசன் பாரிசவாயு வந்து கை கால் விழுந்து கிடக்கார். விடியுமுன்னே எந்திரிச்சு அவருக்குப் பீ அள்ளிப் போட்டு, குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டிட்டுத்தான் கோயில் கூட்ட வாரேன். ஒருநாள் தப்பியிருக்கா? சொல்லுங்க. கூட்டாம ஒரு ஞாயிறு போயிருக்கா?"

"இல்லக்கா."

"அவனுக ஒருத்தனாவது, மைனி, அண்ணன் எப்படி இருக்காருன்னு கேட்டிருப்பானா? கேக்க மாட்டான். சிரின்னு சொல்ல மட்டும் வருவான். நான் சிரிச்சா அவனுக்கு என்ன, அழுதா அவனுக்கு என்ன? சிரிப்பு இல்லாட்டி ஊழியம் ஊழியம் இல்லையா? மஞ்சச் சேலை கட்டினா உள்ளுக்குள்ள வந்துருமா?"

மூச்சு வாங்கினாள். பிறகு குரல் தாழ்ந்தது.

"எனக்குள்ள அது இல்ல உபதேசியாரே. அதுதான் உண்மை. இத்தனை வருஷம் வாளி தூக்கியும் ஒரு பொட்டு இல்ல. தேடிப் பார்த்துட்டேன். அவனுக சொல்லுறது சரியாத்தான் இருக்குமோன்னு பயமா இருக்கு. அந்தப் பயத்தோட எப்படி அந்த வாசலை மிதிக்க?"

உபதேசியார் கட்டிலிருந்து ஒரு இலையை உருவினார். நுனியில் சின்னதாகக் கிழிந்த இலை. அதை மற்றவற்றைவிடக் கூடுதல் நேரம் துடைத்தார். தனியே எடுத்து வைத்தார்.

"நீங்க அசனச் சோறு எப்பச் சாப்பிடுவீங்கக்கா?"

"எல்லாம் கழுவிக் கவுத்துட்டு. தூக்குவாளியில போட்டுட்டுப் போய், அவருக்கு ஊட்டிட்டு, மிச்சம் இருந்தா."

"சூடா இருக்குமா?"

"அது எங்க இருக்கும்? பொழுது அடைஞ்சிரும். பச்சத் தண்ணியா இருக்கும். இப்ப அதுவா பேச்சு?"

"நாளைக்கு முதல் பந்தியில வந்து உட்காருங்க. இந்த இலை உங்களுக்கு."

அவளுக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. "முதல் பந்தியிலயா? என்னையா? பிச்சை எடுக்கிறவங்களோடயா? அவனுக என்னை அடுப்படிக்குத் தள்ளினானுக. நீங்க தெருவுக்கே தள்ளுதீங்களா?"

"சாவி என்கிட்ட இருக்கட்டும். ஒரு பந்தி உட்கார்ந்து சாப்பிட்டு எந்திரிங்க. அப்பவும் வேண்டாம்னா நானே கமிட்டியில கொடுத்துருதேன். ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

அவர் அடுத்த இலையை எடுத்தார்.

மறுநாள் அவள் வந்தாள். வரக்கூடாது என்று வைராக்கியமாகத்தான் இருந்தாள். உபதேசியார் வாக்குக்கு ஒரு பந்தி, அதோடு இந்தக் கோயிலுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

பந்தலில் முதல் பந்தி உட்கார்ந்துகொண்டிருந்தது. கிழிந்த இலை ஒரு ஓரத்தில் கிடந்தது. அவள் யாரையும் பாராமல் போய் அதன் முன்னால் உட்கார்ந்தாள். மஞ்சள் சேலைக்காரிகள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். தர்மக்கண் அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

உட்கார்ந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. பந்தல் கீழேயிருந்து பார்த்தால் வேறு பந்தலாக இருந்தது. இத்தனை வருஷமும் அவள் பார்த்தது தலைகளையும் இலைகளையும். இப்போது கண்ணுக்கு நேரே ஓடுவது கால்களும் வாளிகளும். நிமிர்ந்து பார்த்தால்தான் முகம். நிமிர அவளுக்கு மனம் வரவில்லை.

சோற்றுக் கூடையோடு உபதேசியாரே வந்தார். அவள் இலையை இரண்டு கையாலும் மூடி, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினாள்.

"எனக்கு வேண்டாம். மத்தவங்களுக்குப் போடுங்க."

"கையை எடுங்கக்கா."

"அவருக்குப் பசிக்கும். நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கிடுதேன்."

"அண்ணனுக்கு அப்பவே கொடுத்து அனுப்பிட்டேன். என் வீட்டுக்காரி கறியைப் பிச்சு ஊட்டிக்கிட்டு இருக்கா."

அவள் கையை எடுக்கவில்லை.

"நான் யார்கிட்டயும் ஒரு வாய் கைநீட்டி வாங்கினவ இல்ல உபதேசியாரே. போடுறவ நான். அப்படியே இருந்துட்டுப் போறேன்."

"அசனம் யாருக்குக்கா?"

"இதென்ன கேள்வி. ஊருக்கு. வந்தவங்களுக்கு."

"நீங்க வரலையா?"

அவர் கூடையைப் பிடித்தபடி நின்றார். பின்னால் குழம்பு வாளிக்காரி நின்றாள். அவளுக்குப் பின்னால் கூட்டு. மொத்த வரிசையும் அவளால் நின்றது. பரிமாறுகிற வரிசை நின்றால் என்ன ஆகும் என்று அவளைவிடத் தெரிந்தவர் யார்? வரிசைக்காகத்தான் கையை எடுத்தாள். சோறு விழுந்தது. ஆவி முகத்தில் அடித்தது. அவள் அதைத் தொடவில்லை.

பக்கத்து இலையில் ஒரு கிழவர். பஸ் ஸ்டாண்டில் கிடக்கிற சுடலைக்கண். இரண்டு கண்ணிலும் புரை விழுந்தவர். வருஷம் தவறாமல் வருகிறவர். சோற்றில் பாதியை மடியில் கட்டப் பார்ப்பார் என்று வருஷம் தவறாமல் அவளிடம் ஏச்சு வாங்குகிறவர். அவர் காதைத் தீட்டிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, பக்கத்துல இருக்கிறது பொம்பளைதானே? வளையல் சத்தம் கேக்குது" என்றார்.

அவள் வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"இன்னைக்கு என்ன பந்தி இவ்வளவு அமைதியா இருக்கு? ஒரு அம்மா இருக்குமே, தொண்டை கிழியக் கத்துமே. அது செத்துப் போச்சா?"

நேசப்பொன்னு தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"பாவம், நல்ல மனுசி" என்றார் அவர், செத்தவளைப் பற்றிப் பேசுகிற குரலில். "எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு பாருங்க. பந்தலுக்குள்ள வந்து எந்த வரிசைன்னு நான் என்னத்தைக் கண்டேன்? அந்த அம்மா சத்தம் எங்க கேக்குதோ அங்க போய் உட்கார்ந்துருவேன். அந்த வரிசையிலதான் கறி இலைக்கு வந்து சேரும். இன்னைக்கு எங்க உட்காரன்னே தெரியல. எவனோ கையைப் பிடிச்சு இழுத்து இங்க விட்டான்."

மஞ்சள் சேலை ஒன்று குழம்பு வாளியோடு வந்தது. பட்டை குத்தியிருந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. எதிரே போனைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் பின்பக்கமாகவே நடந்தான். அவள் போனைப் பார்த்தாள், சிரித்தாள், கரண்டியைச் சாய்த்தாள். குழம்பு கிழவரின் சோற்றில் விழாமல் இலை ஓரத்தில் விழுந்து மண்ணில் ஓடியது. கறித்துண்டு ஒன்றுகூட விழவில்லை. சிரித்தபடியே அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

கிழவர் சோற்றைத் தடவினார். வெறும் சோறு. இன்னும் வரவில்லை போல என்று நினைத்துக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

காத்திருந்தார்.

நேசப்பொன்னுவுக்குள் முந்தின நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது.

"ஏட்டி, நில்லுட்டி! எங்க பார்த்துச் சிரிக்க? சிரிச்சது போதும், திரும்பி வா. இந்த இலையில என்ன கிடக்குன்னு பாரு. மனுசன் கையைத் தூக்கிட்டு உட்கார்ந்திருக்கான், உனக்குப் போட்டாப் படம் கேக்குதோ? வாயைப் பார்க்காத, இலையைப் பாரு! கரண்டியை அடியில விட்டுக் கோரு. இன்னும் கோரு. கறி என்ன உங்க அப்பன் வீட்டுக் கறியா? ஊரு கொடுத்த ஆடு. போடு!"

பந்தல் முழுக்கக் கேட்டது. போன்காரன் போனை இறக்கினான்.

சுடலைக்கண் கிழவர் துள்ளி நிமிர்ந்தார்.

"இருக்காங்க!" என்று கத்தினார். "சாகல! ஏய், அந்த அம்மா சாகல!"

வரிசை கொல்லென்று சிரித்தது. எதிர் இலையில் இருந்த நொண்டிக் கிழவி, "நான்தான் சொன்னேன்ல, அதெல்லாம் லேசுல போற உசிரா?" என்றாள். இன்னொருத்தன், "வாயைப் பார்க்காத, இலையைப் பாரு" என்று அவளைப் போலவே குரலை இழுத்துக் காட்டினான். வரிசைக்கே அந்தச் சொல் மனப்பாடமாக இருந்தது. ஆளாளுக்குச் சொல்லிப் பார்த்தார்கள்.

தன் குரல் இப்படியா இருக்கும் என்று அவள் ஒரு நிமிஷம் திகைத்தாள். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்தது. முந்தானையை வாயில் அடைத்தாள், தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

கிழவர் தன் இலையைத் தடவி, விழுந்த கறியில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்தார். கையால் காற்றைத் துழாவி, அவள் இலையைக் கண்டுபிடித்து, அதில் வைத்தார்.

"தின்னுங்க தாயி. இத்தனை வருஷமா நீங்க போடுற சத்தம்தான் கேட்டிருக்கேன். நீங்க தின்னு கேட்டதில்ல."

அவள் கை இலையை மூடப் போனது. பாதியில் நின்றது.

குழம்பு சொட்டிய அந்தத் துண்டைச் சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தாள். சூடு நாக்கைச் சுட்டது. உப்பும் காரமும் சரியாக இருந்தது. அசனக் குழம்பு இப்படி இருக்கும் என்று அவளுக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது.

"எப்படி இருக்கு?" என்றார் கிழவர்.

"இருக்கு, நல்லாத்தான் இருக்கு. நீரு பேசாமத் தின்னும்" என்றாள் அவள். "மடியில கட்டினீரு, தொலைச்சுப்போடுவேன்."

"கட்டல, கட்டல" என்றார் அவர், கட்டிக்கொண்டே.

அவள் பார்த்தாள். பாராதது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மோர் வரும்வரை இருந்து, ரசத்துக்கு இன்னொரு கை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

தர்மக்கண் அண்ணாச்சி அவள் எதிரில் வந்து நின்றார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"பார்த்தேன் மைனி, பார்த்தேன்! உங்களுக்கும் சிரிக்க வருது! இதைத்தானே நாங்க கேட்டோம்? இந்தாங்க சேலை. ஏலே, போனைக் கொண்டா. மைனி, ஒரு தரம், இப்பச் சிரிச்சீங்களே, அதே மாதிரி."

அவள் இலையை மடக்கினாள். எழுந்தாள்.

"தர்மக்கண்ணு, அது உமக்குச் சிரிச்ச சிரிப்பு இல்ல. உமக்குக் காட்ட எங்கிட்ட ஒண்ணும் கிடையாது. சேலையைக் கொண்டு போய் உம்ம வீட்டு ஜன்னல்ல கட்டும்."

கை கழுவினாள். நேரே உபதேசியாரிடம் போய்க் கையை நீட்டினாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

"நான் நேத்துக் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லல" என்றாள்.

"அடுத்த பந்தி உட்கார்ந்தாச்சுக்கா."

அவள் திரும்பிப் பார்த்தாள். வரிசை கோணலாக இருந்தது. இலை இரண்டு தலைகீழாகக் கிடந்தது. உப்பு வைக்க ஆளைக் காணோம். பழைய பழுப்புச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியைத் தூக்கினாள்.

"யாரு இலையை இப்படிப் போட்டது? நுனி எந்தப் பக்கம் இருக்கணும்? ஏலே, தள்ளி உட்காரு. ஏட்டி, உப்பு எங்க?"

பந்தலில் எல்லாருக்கும் கேட்டது. முகமும் அதே முகம், கடுகடுவென்று. அவள் குனிந்து, கரண்டியை அடிவரை விட்டு, கோரிக் கோரிப் போட்டுக்கொண்டே போனாள்.

தர்மக்கண் அண்ணாச்சி மடித்த சேலையைக் கையில் வைத்துக்கொண்டு உபதேசியார் பக்கத்தில் வந்து நின்றார். அவள் காதில் விழுகிற தூரம்தான்.

"பாருங்க உபதேசியாரே. ஒரு நிமிஷம் சிரிச்சா, போச்சு. பழைய மூஞ்சி அப்படியே வந்துட்டு. இதுல எங்க இருக்கு சந்தோஷம்?"

உபதேசியார் அடுத்த சோற்றுக் கூடையைத் தூக்கினார்.

"மூஞ்சியைப் பார்க்காதீங்க அண்ணாச்சி" என்றார். "இலையைப் பாருங்க."